டெக்ஸாஸ் பர்மிட் மேரிலாந்தில் செல்லுமா?

கேள்வி:

டல்லாஸுக்குப் பக்கத்தில் இர்விங்கில் இருக்கிறோம். இங்கே ஒரு நர்ஸிங் ஹோமில் சி.என்.ஏ. என்ற நர்ஸிங் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்புறம் கம்யூனிட்டி காலேஜில் மெடிகேஷன் எய்ட் கோர்ஸ் முடித்து, மாநிலப் பரீட்சை எழுதி பர்மிட் வாங்கினேன். காலையும் மாலையும் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரியவர்களுக்கு மாத்திரை கொடுப்பதுதான் வேலை. மனசுக்குப் பிடித்த வேலை. இப்போது கணவருக்கு மேரிலாந்துக்கு மாற்றல். அங்கே உள்ள வேலை விளம்பரங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒருவர் சி.எம்.டி. வேண்டும் என்கிறார், இன்னொருவர் சி.எம்.ஏ. கேட்கிறார், மற்றொருவர் வெறும் 'மெட் டெக்' என்கிறார். ரிச்மண்டில் இருக்கும் என் நாத்தனாரோ அங்கே இதற்கு ஆர்.எம்.ஏ. என்று பெயர் என்கிறார். இதில் நான் யார்? என் பர்மிட் அங்கே செல்லுமா? ஆன்லைனில் 'நேஷனல் சர்டிஃபிகேட்' என்று விற்கிறார்களே, அதை வாங்கிவிட்டால் எல்லா மாநிலத்துக்கும் போதுமா? ரெஸ்யூமேயில் என்ன போட்டுக்கொள்வது?

— வாசகி, இர்விங்

பதில்:

முதலில் பணத்தைக் காப்பாற்றிவிடுகிறேன். அந்த 'நேஷனல் சர்டிஃபிகேட்'டை வாங்காதீர்கள். மருந்து கொடுக்கும் உதவியாளருக்கு அமெரிக்கா முழுவதும் செல்லும்படியான லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது. மாநில நர்ஸிங் போர்டுகளின் கூட்டமைப்பான என்.சி.எஸ்.பி.என். இதற்கென 'மேஸ்' என்று ஒரு தேர்வை உருவாக்கி வைத்திருக்கிறது. அதையும் சில மாநிலங்கள்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, தனியார் இணையதளம் அச்சடித்துத் தரும் சான்றிதழை வைத்துக்கொண்டு மேரிலாந்தில் ஒரு பாரசிட்டமால் கூடக் கொடுக்க முடியாது.

உங்கள் டெக்ஸாஸ் பர்மிட்டும் அங்கே அப்படியே செல்லாது. வருத்தமாகத்தான் இருக்கும். 140 மணி நேரம் படித்து வாங்கியது. வகுப்பு மட்டுமே 100 மணி. அந்தப் படிப்பு வீண் போகாது என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

சி.என்.ஏ. வேலைக்கு 1987-இல் வந்த ஃபெடரல் சட்டம் ஓர் அடித்தளம் போட்டது: குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, மாநிலப் பதிவேட்டில் பெயர். மருந்து கொடுப்பதற்கு அப்படி எதுவும் போடவில்லை. நர்ஸிங் ஹோம்களுக்கான ஃபெடரல் விதி சொல்வது இவ்வளவுதான்: மாநிலச் சட்டம் அனுமதித்தால், லைசென்ஸ் உள்ள நர்ஸின் மேற்பார்வையில், லைசென்ஸ் இல்லாதவரும் மருந்து கொடுக்கலாம். மீதியை மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொண்டன. சில இடங்களில் நர்ஸிங் போர்டு பொறுப்பேற்றது, சில இடங்களில் சுகாதாரத் துறை. நர்ஸிங் ஹோமுக்கு ஒரு விதி, முதியோர் உதவியோடு வாழும் அசிஸ்டட் லிவிங்குக்கு ஒரு விதி, மனவளர்ச்சி குன்றியவர்கள் வாழும் குரூப் ஹோமுக்கு இன்னொரு விதி என்று ஒரே மாநிலத்துக்குள்ளேயே கிளைகளும் விட்டன.

இந்தியானாவில் க்யூ.எம்.ஏ. என்பார்கள். சி.என்.ஏ. ஆக 1,000 மணி நேரம் வேலை பார்த்திருந்தால்தான் அந்த 100 மணி நேரப் பயிற்சிக்குள் நுழையவே முடியும். மின்னசோட்டாவில் டி.எம்.ஏ. நியூ ஜெர்சியில் சி.எம்.ஏ. என்ற சான்றிதழ் அசிஸ்டட் லிவிங் போன்ற இல்லங்களுக்குத்தான். மாசசூசெட்ஸில் 'மேப்' என்ற தனித் திட்டம் இருக்கிறது. அதில் சான்று பெற்றவர்கள் குரூப் ஹோம்களில் மருந்து கொடுப்பார்கள். பெயரை வைத்து ஆளை எடை போட முடியாது என்பதற்கு இது போதும்.

இனி நீங்கள் போகும் மேரிலாந்து. விளம்பரத்தில் பார்த்த சி.எம்.டி.யும் சி.எம்.ஏ.யும் இரண்டு வேறு படிகள். இரண்டையும் தருவது அங்குள்ள நர்ஸிங் போர்டுதான். சி.எம்.டி. என்பது 20 மணி நேரப் பயிற்சி. பெரும்பாலும் அசிஸ்டட் லிவிங், குரூப் ஹோம் போன்ற இடங்களுக்கானது. சி.எம்.ஏ. என்பது நர்ஸிங் ஹோமுக்கானது, 60 மணி நேரம். ஆனால் அதற்கு முதலில் ஜி.என்.ஏ. ஆக வேண்டும். முதியோர் பராமரிப்புத் தேர்வில் தேறிய சி.என்.ஏ.வை அங்கே அப்படித்தான் அழைத்து வந்திருக்கிறார்கள் (இன்றைய பெயரைப் போர்டிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்). கூடவே ஓராண்டு அனுபவமும் கேட்பார்கள். ஆக, நர்ஸிங் ஹோமில் நீங்கள் இன்று செய்யும் அதே வேலைக்கு அங்கே பெயர் சி.எம்.ஏ. அதற்கான வாசல் ஜி.என்.ஏ.

'மெட் டெக்' என்று மட்டும் போட்டிருந்தால் போன் செய்து, "உங்கள் இடத்துக்கு என்ன லைசென்ஸ், நர்ஸிங் ஹோமா, அசிஸ்டட் லிவிங்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீரும். ஆஸ்பத்திரி விளம்பரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்டையும் பலர் அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறார்கள். அது பட்டப் படிப்பு வேண்டிய வேலை.

பெயரை விட எனக்குப் பெரிய கவலை வேறு. மாநிலமும் இடமும் மாறும்போது உங்கள் கை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லை மாறுகிறது. டெக்ஸாஸில் உங்களுக்குப் பழக்கமானதையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் போனில் புதிதாக ஓர் ஆன்டிபயாட்டிக் சொல்கிறார். அந்த ஆர்டரைக் கேட்டு எழுதிக்கொள்வது நர்ஸ். முதல் டோஸைக் கொடுப்பதும் நர்ஸ்தான். அந்தப் பெரியவருக்கு அதற்கு முன் கொடுத்திராத மருந்தின் முதல் டோஸை மெடிகேஷன் எய்ட் கொடுக்கக்கூடாது. அடுத்த வேளையிலிருந்துதான் அந்த அட்டை உங்கள் வண்டிக்கு வரும். ராத்திரி ஒரு பாட்டி, "முட்டி வலிக்குதும்மா, அந்த மாத்திரையைக் குடு" என்கிறார். தேவைப்பட்டால் மட்டும் என்று எழுதியிருக்கும் மருந்து அது. நர்ஸிடம் கேட்டு, அவர் சரி என்றதையும் குறித்துவிட்டுத்தான் கொடுப்பீர்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் சாஸில் கலப்பதுகூட அதற்கான அனுமதி இருந்தால்தான். வயிற்றுக் குழாய் வழியாகக் கொடுப்பது உங்கள் வேலையே இல்லை.

ரிச்மண்டில் உங்கள் நாத்தனார் சொன்ன ஆர்.எம்.ஏ.வைப் பாருங்கள். வர்ஜீனியாவில் அந்தப் பயிற்சி 68 மணி நேரம்: வகுப்பில் 40, மேற்பார்வையில் கைப்பழக்கம் 20, இன்சுலினுக்கென்றே தனியாக 8. அசிஸ்டட் லிவிங்கில் அவர்கள் இன்சுலின் ஊசி போடலாம். உங்களைவிடக் குறைந்த மணி நேரம் படித்தவர் ஊசியைக் கையில் எடுக்கிறார். நாளை நீங்கள் அங்கே குடிபோனால், இங்கே பழகிய எல்லையை அங்கே கொண்டுபோகவும் முடியாது, அங்குள்ளதை இங்கே கொண்டுவரவும் முடியாது.

மேரிலாந்து அசிஸ்டட் லிவிங்கில் சேர்ந்தால் இது இன்னும் தெரியும். நர்ஸிங் ஹோமில் திரும்பிப் பார்த்தால் நர்ஸ் நிற்பார். அசிஸ்டட் லிவிங்கில், முக்கியமாக ஒரு சாதாரண வீட்டில் நடத்தும் சின்ன இடங்களில், பல நேரம் நர்ஸ் அந்தக் கூரையின் கீழேயே இருக்கமாட்டார். மருந்து கொடுக்கும் பொறுப்பை சி.எம்.டி.யிடம் ஒப்படைக்கும் நர்ஸ் குறைந்தது 45 நாளுக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அங்குள்ள விதி. இடைப்பட்ட நாட்களில் ஒரு தாத்தாவின் நாடித் துடிப்பு குறைந்து கிடந்தால், காலை மெட்டோப்ரோலாலை நிறுத்தி வைத்துவிட்டு நர்ஸுக்கு போன் போட வேண்டும் என்று நினைவு வைத்திருக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் 140 மணி நேரம் வீண் போகாது என்று சொன்னது இதற்காகத்தான். சான்றிதழ் எல்லையைத் தாண்டாவிட்டாலும் அந்த அறிவு தாண்டும். நேர்முகத்தில் தயங்காமல் கேளுங்கள்: ஒப்படைக்கும் நர்ஸ் யார், ராத்திரி போன் செய்தால் எடுப்பாரா, போன மாதம் எத்தனை தடவை வந்தார்? பதில் மழுப்பலாக இருந்தால் அந்த வேலை வேண்டாம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டெக்ஸாஸை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே உங்கள் சி.என்.ஏ. பதிவை மேரிலாந்துக்கு மாற்றிக்கொள்ளும் விண்ணப்பத்தைத் தொடங்குங்கள், ஜி.என்.ஏ. தகுதியும் சேர்த்துத்தான் என்று போர்டிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. அதைக் கிடப்பில் போடாதீர்கள்: சம்பளத்துக்கு அந்த வேலை பார்க்காமல் தொடர்ந்து 24 மாதம் போய்விட்டால் மறுபடி பயிற்சியிலிருந்தோ தேர்விலிருந்தோ தொடங்க வேண்டி வரும். காலேஜிலிருந்து பாடத்திட்டமும் மணிக்கணக்கும் கொண்ட கடிதம், பர்மிட் நல்ல நிலையில் இருப்பதற்கான சான்று, இப்போதைய நர்ஸிங் ஹோமிலிருந்து எத்தனை மாதம் மருந்து கொடுத்தீர்கள் என்று தேதியோடு ஒரு கடிதம், இவற்றை நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரை விட்டுப் போன பிறகு மின்னஞ்சலில் கேட்டால் யாரும் அவசரம் காட்டமாட்டார்கள். இவற்றை வைத்து சி.எம்.ஏ. பயிற்சியில் ஏதாவது விலக்கு உண்டா என்று போர்டிடம் எழுத்தில் கேளுங்கள். ஏஜென்சிக்காரர் வாய்ச்சொல்லை நம்பி வேலையில் இறங்காதீர்கள். பதில் வரும்வரை 20 மணி நேர சி.எம்.டி. பயிற்சியை முடித்துவிட்டால் கை சும்மா இருக்காது.

பதிவேட்டைப் பற்றி இன்னொன்று. உங்கள் தகுதி மாநில எல்லையில் நின்றுவிடும். உங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டு உறுதியாகியிருந்தால் அது நிற்காது. விண்ணப்பித்தவர் பற்றித் தகவல் இருக்கும் என்று தோன்றும் எல்லா மாநிலப் பதிவேடுகளையும் நர்ஸிங் ஹோம்கள் பார்த்தாக வேண்டும் என்பது ஃபெடரல் விதி. ஆகவே கடைசி வாரத்தில் போதை மருந்துக் கணக்கை ஷிப்ட் மாறும்போது நர்ஸோடு நின்று எண்ணிக் கையெழுத்துப் போடாமல் வரவே வராதீர்கள்.

கணவருக்கு இன்னும் மாற்றல்கள் வரும் என்று தெரிந்தால் எல்.பி.என். என்ற நர்ஸிங் படிப்பை யோசியுங்கள் என்பேன். டெக்ஸாஸில் அதையே எல்.வி.என். என்கிறார்கள். ஆனால் அந்த லைசென்ஸுக்கு மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. டெக்ஸாஸ், மேரிலாந்து, வர்ஜீனியா மூன்றுமே அதில் உண்டு. மெடிகேஷன் எய்டுக்கு அந்த ஒப்பந்தத்தில் இடமில்லை.

ரெஸ்யூமேயில் சி.எம்.ஏ. என்று போடாதீர்கள். மேரிலாந்தில் அது உங்களிடம் இல்லாத ஒரு சான்றிதழ். இல்லாத பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி சிக்கல். டாக்டர் கிளினிக்குகளில் அதே மூன்றெழுத்து மெடிக்கல் அசிஸ்டென்ட்டைக் குறிக்கும். 'மெடிகேஷன் எய்ட் பர்மிட், டெக்ஸாஸ் மாநிலம், 140 மணி நேரப் பயிற்சி' என்று முழுதாக எழுதி, கீழே பர்மிட் எண்ணையும் காலாவதித் தேதியையும் போடுங்கள்.