சிறிய டிராக்டருக்கு ஏற்ற புல்வெட்டி: விற்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்



விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. போல்ட்டு, பேரிங், பெல்ட்டு, கலப்பைக் கொழு என்று நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்போடு நின்றவன். நான் எழுதுவது என்ஜினீயர் பாடம் அல்ல. கல்லாவில் உட்கார்ந்து நஷ்டப்பட்டுக் கற்ற பாடம்.

சேத்தியாத்தோப்பு நான்கு திசைக்கும் சரக்குப் போகும் கூட்டுரோடு. தெற்கே வீராணம் ஏரிப் பாசன நெல் வயல்கள். ஊரைச் சுற்றி எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு. வடமேற்கே நெய்வேலி நகரியம். அதைத் தாண்டினால் விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரித் தோப்புகள். 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் அந்தத் தோப்புகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. புதிதாக நட்ட தோப்புகளில் வரிசைக்கு நடுவே களை மண்டுகிறது. அரிவாள் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிளை தாழ்ந்த முந்திரிக்குள் பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டர்களும், அவற்றுக்கான ஸ்லாஷர் என்னும் புல்வெட்டிகளும் நம் கடைகளில் கேட்கப்படுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. என்னிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் தொலைபேசியில், "முதலாளி, அஞ்சு அடி ஸ்லாஷர் ஒண்ணு அனுப்புங்க, பார்ட்டி பணத்தோட நிக்கிறாரு" என்றார். அன்று மாலையே லாரியில் ஏற்றினேன். வாங்கியவர் முந்திரி விவசாயி. வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து எடுத்த பணம். அவரிடம் இருந்ததோ பதினெட்டரைக் குதிரைத்திறன் வண்டி. அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர் கணக்கு. தோப்புக்குள் இறக்கியதும் என்ஜின் கரும்புகை விட்டுத் திணறி நின்றது. வரப்பு ஏறும்போது பின்பாரம் இழுத்து முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஓட்டிய பையன் சமயோசிதமாக லிஃப்டை இறக்கியதால் உயிர் தப்பினான்.

மூன்றாம் நாள் கருவி என் வாசலுக்குத் திரும்பி வந்தது. கடைக்காரர், "நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். "நீ கேட்டிருப்பாய் என்று நான் நினைத்தேன்" என்றேன். அவர் வண்டி என்ன என்று இருவருமே கேட்கவில்லை. லாரிக் கூலியை நான் ஏற்று மூன்று அடி ஸ்லாஷர் மாற்றிக் கொடுத்தேன். திரும்பிய கருவி பதினொரு மாதம் குடோனில் கிடந்து நஷ்டத்துக்குப் போனது. என் நஷ்டம் அவ்வளவோடு முடிந்தது. அந்த விவசாயிக்கோ, கொட்டை பொறுக்கும் காலத்தில் பத்து நாள் வீண், வட்டி தனி.

அன்று முதல் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வராமல் கருவியை ஏற்றுவதில்லை.

1. எதை வெட்டப் போகிறார்?

எல்லாவற்றையும் புல்வெட்டி என்கிறோம். ஆனால் வகை நான்கு.

ஸ்லாஷர்: தகட்டுக் கூண்டுக்குள் கியர் பாக்ஸ், அதன் கீழே ஆடும்படி மாட்டிய இரண்டு மூன்று கத்திகள். கல்லில் பட்டால் கத்தி மடங்கிப் பின்வாங்கும். முந்திரி, தென்னந்தோப்புக் களை, தரிசு, விரல் பருமன் செடி இவற்றுக்கு இதுதான். வெட்டு அழகாக இராது.

மைதானப் புல்வெட்டி: மூன்று கத்திகள் பெல்ட்டில் சுழலும், பக்கத்தில் சிறு சக்கரங்கள் இருக்கும். நெய்வேலி நகரியம் போன்ற இடங்களின் பூங்கா, பள்ளி விளையாட்டுத் திடலுக்கு ஏற்றது. மேடு பள்ளத்திலும் இடுப்பளவு களையிலும் விட்டால் பெல்ட்டு அறுந்து நிற்கும்.

அரிவாள் பட்டை வெட்டி: முடிவெட்டும் இயந்திரம் போலப் பற்கள் இடம் வலமாக ஓடும். தீவனப் புல்லையும் தீவனச் சோளத்தையும் துண்டாக்காமல் அடியோடு அறுத்துப் படுக்க வைக்கும். பால்மாட்டுக்காரருக்கு இதுவே சரி. ஸ்லாஷரில் வெட்டினால் தீவனம் மண்ணோடு சிதறிப் போகும். இதற்குச் சக்தி மிகக் குறைவாகவே தேவை. ஆனால் கல் உள்ள நிலத்தில் பல் உடையும்.

மல்ச்சர்: உருளையில் பல சிறு கத்திகள் தொங்கும், சருகைத் தூளாக்கி அங்கேயே பரப்பும். கரும்புத் தோகைக்கு நல்லது; தோகையைக் கொளுத்தாமல் மண்ணுக்கே உரமாக்கலாம். ஆனால் நான்கிலும் அதிகச் சக்தி கேட்பது இதுதான். கட்டைக் கரும்புத் தோகைக்கு மினி டிராக்டரில் மல்ச்சர் கேட்டு வருபவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 45 குதிரைத்திறனுக்குக் குறையாத வண்டியை வாடகைக்கு எடுப்பதே அவருக்கு லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. விற்பனை ஒன்று போகலாம். ஆள் நம்மிடமே வருவார்.

2. பி.டி.ஓ.வில் எவ்வளவு சக்தி?

பானட்டில் எழுதியிருப்பது என்ஜின் குதிரைத்திறன். கருவியைச் சுழற்றுவதோ பின்னால் உள்ள பி.டி.ஓ. தண்டு. என்ஜினில் உள்ளது அங்கே வந்து சேரும்போது ஏறக்குறைய 100க்கு 80 முதல் 87 வரைதான் நிற்கும். சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கைக்கணக்கு இது: ஸ்லாஷருக்கு அகலம் ஓர் அடிக்கு பி.டி.ஓ.வில் 4 முதல் 5 குதிரைத்திறன். மெல்லிய புல்லுக்கு 4. கெட்டிக் களைக்கு 5. மேலே சொன்ன பதினெட்டரை வண்டியில் பி.டி.ஓ.வுக்கு வருவது சுமார் பதினைந்தரை. ஐந்தடிக்குக் குறைந்தது 20 வேண்டும். கெட்டிக் களை என்றால் 25. வண்டி திணறாமல் என்ன செய்யும்? மூன்றடிதான் அதற்குச் சரி. மகிந்திரா யுவராஜ் 215, சுவராஜ் 717 போன்ற 15 குதிரைத்திறன் வண்டிகளுக்கு இரண்டரை அடி. மெல்லிய புல்லானால் மூன்றடி. குபோட்டா பி 2741 போன்ற 27 குதிரைத்திறன் வண்டிக்கு நான்கடி.

அகலத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பின் டயர்களின் வெளி விளிம்புக்கு விளிம்பு டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். வெட்டும் அகலம் அதைவிடக் குறைந்தால் டயர் மிதித்த புல் படுத்துக்கொண்டு வெட்டுப்படாமல் நிற்கும். அப்போது பெரிய கருவிக்குத் தாவ வேண்டாம். சக்கர இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று பார்க்கலாம். ஒரு பக்கம் தள்ளி மாட்டும் வசதியுள்ள கருவியும் கிடைக்கிறது.

3. வண்டி தூக்குமா?

லிஃப்ட் இத்தனை கிலோ தூக்கும் என்று எழுதியிருப்பது கீழ்க்கை நுனியில் அளந்த கணக்கு. ஸ்லாஷரின் பாரமோ அதற்கும் பின்னால் தள்ளி நிற்கிறது. தராசுக் கோலில் எடைக்கல்லைத் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் தூக்கும் திறன் முழுவதையும் நம்பி விற்கக் கூடாது. கருவியைத் தூக்கிய நிலையிலும் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பிடிபடாது. முன் எடைக்கல் வேண்டுமா என்பதைக் கருவியோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.

4. இணைப்பு பொருந்துமா?

மினி டிராக்டர்கள் பெரும்பாலும் முதல் வகை மூன்று முனை இணைப்பு உள்ளவை. கீழ் முளை 22 மில்லிமீட்டர், மேல் முளை 19. பெரிய வண்டிகளின் இரண்டாம் வகையில் முறையே 28, 25. தண்டு வழக்கமாக 35 மில்லிமீட்டர், ஆறு பற்கள். வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. சில வண்டிகளில் அதைவிட வேகமான இரண்டாவது நிலையும் உண்டு. 540க்குச் செய்த ஸ்லாஷரை அதில் ஓட்டினால் கத்தி பறக்கும். இதை விற்கும்போதே வாயால் சொல்ல வேண்டும்.

கருவியோடு வரும் நீள் தண்டு எல்லா வண்டிக்கும் அளவாக வராது. நீளமாக இருந்தால் லிஃப்டைத் தூக்கும்போது முட்டி, பேரிங்கை நொறுக்கும். குட்டையாக இருந்தால் கழன்று விழும். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது செருகி நிற்க வேண்டும். வண்டியை வரவழைத்து, அளந்து, வெட்டிக் கொடுப்பது கடைக்காரர் கடமை.

ஒற்றைக் கிளட்ச் வண்டியா என்றும் கேளுங்கள். கிளட்சை மிதித்தாலும் சுழலும் கத்தியின் வேகம் தண்டு வழியாக வண்டியை முன்னால் தள்ளும். பிரேக் பிடித்தும் மரத்தில் மோதுவது இதனால்தான். ஒருவழிக் கப்ளிங் ஒன்று மாட்டினால் இந்த ஆபத்து நீங்கும். கருவி விலையோடு பார்த்தால் சிறிய செலவு.

5. உதிரி பாகம் நம்மிடம் உண்டா?

கருவியை ஒரு தடவை விற்கிறோம். கத்தியைப் பல தடவை விற்கிறோம். கத்தி, கத்தி போல்ட்டு, ஷியர் போல்ட்டு, ஆயில் சீல், தண்டின் கிராஸ் ஜாயிண்ட், மைதான வகைக்குப் பெல்ட்டு. இவை இருப்பில் இல்லாத மாடலை ஏற்காதீர்கள். கத்தியை ஒற்றையாக விற்கக் கூடாது. எடை மாறினால் அதிர்ந்து கியர் பாக்ஸே போகும்.

ஷியர் போல்ட்டு என்பது உடைவதற்கென்றே போட்டது. கட்டையில் கத்தி மாட்டினால் அது உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். "அடிக்கடி உடையுது, கெட்டியா ஒண்ணு குடுங்க" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கையேட்டில் போட்ட தர எண்ணுக்கு மேற்பட்ட போல்ட்டைக் கொடுத்தால், சில ரூபாய் போல்ட்டுக்குப் பதில் கியர் பாக்ஸ் உடையும்.

முந்திரி அறுவடை மாசி, பங்குனியில் சூடுபிடிக்கும். விழுந்த கொட்டை கண்ணில் படுவதற்காக அதற்கு முன்பே தோப்பைச் சுத்தம் செய்வார்கள். ஆகவே மார்கழிக்குள் கத்தியும் போல்ட்டும் இருப்பில் இருக்கட்டும். முழுக் கருவிகளை வாங்கி அடுக்கி முதலை முடக்க வேண்டாம்.

விலையும் மானியமும்

புல் அறுக்கும், அறுவடை செய்யும் இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பொதுவாகப் பயன்படும் பேரிங் போன்றவை வேறு தலைப்பில் வருவதால், பில் போடுமுன் உங்கள் கணக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. வாங்கிவிட்டுப் பிறகு மனுப் போடலாம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். அனுமதி முதலில், பில் பிறகு.

கடைசியாக ஒரு வார்த்தை. ஸ்லாஷர் தெறிக்கும் கல் வெகு தூரம் பாயும். முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலியையும் தண்டின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிட்டு ஓட்டுபவரைக் கண்டால் கண்டியுங்கள். ஆடு மாடும் பிள்ளைகளும் அருகில் இருக்கக் கூடாது. வேட்டி, துண்டோடு சுழலும் தண்டின் பக்கம் போகக் கூடாது.

என் கடையில் இப்போது ஆர்டர் புத்தகத்தோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. அதில் ஐந்து வரி: வேலை என்ன, வண்டி மாடலும் பி.டி.ஓ. சக்தியும், பின் டயர் அகலம், தூக்கும் திறன், கிளட்ச் வகை. சில்லறைக் கடைக்காரர் அதை நிரப்பிச் சொன்னால்தான் சரக்கு ஏறும். முதலில் சிலர் சலித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே சீட்டு கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதன்பின் வண்டிக்குப் பொருந்தவில்லை என்று ஒரு கருவியும் என் வாசலுக்குத் திரும்பி வரவில்லை.

அந்த முந்திரி விவசாயி இன்றும் கத்திக்கும் போல்ட்டுக்கும் அதே சில்லறைக் கடைக்குத்தான் வருகிறார். உறுப்பினர்கள் நீங்களும் இப்படி ஒரு சீட்டு அச்சடித்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு கட்டுக் காகிதம்தான்.