சுகாதாரப் பேரவைக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: மாவட்டச் சுகாதாரப் பேரவைக்கு எங்கள் மகளிர் குழுவினர் கோரிக்கை எழுதித் தரச் சொல்கிறார்கள். எப்படி எழுத?
– வாசகி, திருச்சுழி வட்டாரம்

பதில்: முதலில் 'மாண்புமிகு', 'தாழ்மையுடன்' எல்லாவற்றையும் ஓரங்கட்டுங்கள். பேரவை என்பது மனுநீதி நாள் அல்ல. 2019-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தில், மக்களைக் கேட்டுத் திட்டமிட வேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது. தாய்லாந்தில் இதற்கு 2007-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

குழுப் பெண்கள் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். 'மருத்துவ வசதி போதாது' என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே யாருக்கும் உறைக்காது. 'சுகர் மாத்திரை வாங்கப் போனா அன்னைக்கு நூறு நாள் வேலை போச்சு. பஸ் வந்து சேர்றதுக்குள்ள ஓ.பி. சீட்டு முடிஞ்சிருது' என்று ஒரு பாட்டி சொன்னால், பேச்சைத் திருத்தாமல் அப்படியே இறக்குங்கள். கூடவே கேளுங்கள்: வீட்டுக்கே மாத்திரை கொண்டுவர 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அவர் வீட்டுப் படியேறியதா? இருக்கிற திட்டம் எங்கே இடறுகிறது என்று காட்டினால், அதிகாரி எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

நோயாளியின் பெயர் வேண்டாம். வயதும் தெருவும் போதும். எழுதியதைக் குழுவினருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பேரவையில் பேச, அந்தப் பெண்களில் ஒருவரையே அனுப்புங்கள்.