பழநி மலைப் படியால் இமயத்தை அளந்த கதை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊராகிய வில்பட்டியில், மாலை நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். கொடைக்கானலுக்கு வருகின்ற அன்பர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நகருக்குச் சற்றுக் கீழே, படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகிற ஊர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே விடுமுறையில் ஊருக்குப் போனால், “தம்பி படிச்சிருக்கு, கேளு” என்று பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு நான் எடுத்துக்கொண்ட முதல் பாடம், இந்தியாவின் உயர்ந்த சிகரங்கள்.

“காஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர்” என்று ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் கை தூக்கினாள். “அண்ணா, அது பெருமாள் மலையைவிடப் பெரிசா?” என்றாள். பெரியது என்றேன். “எவ்வளவு பெரிசு?” என்றாள். 8,586 என்று மறுபடியும் சொன்னேன். “அதான் எவ்வளவு?” என்றாள். எனக்கு விடை வரவில்லை. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்த அந்த எண், ஒரு சிறுமியின் கேள்விக்கு முன்னால் வெறும் எண்ணாகவே நின்றது. நானும் அதை மனப்பாடம் செய்தவன்தானே ஒழிய, எண்ணிப் பார்த்தவன் அல்லன் என்பது அன்றுதான் விளங்கிற்று.

இரவெல்லாம் யோசித்து மறுநாள் ஓர் அளவுகோல் கண்டுபிடித்தேன். எங்கள் பிள்ளைகளில் பழநிக்குப் போகாதவர் கிடையாது. அடிவாரத்திலிருந்து தண்டாயுதபாணி சந்நிதிக்கு ஏறும் அறுநூற்றுச் சொச்சம் படிகளும், ஏறி முடித்த பின் கணுக்காலில் வரும் வலியும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குன்றின் உயரம் ஏறத்தாழ 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். “ஒரு பழநி” என்பது எங்கள் அலகு. உதகமண்டலத்திலுள்ள தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது பதினேழரைப் பழநி. ஆனைமுடி 2,695 மீட்டர்; பதினெட்டுப் பழநி. நந்தாதேவி 7,816 மீட்டர், ஐம்பத்திரண்டு பழநி. காஞ்சன்ஜங்கா ஐம்பத்தேழு பழநி. “ஐம்பத்தேழு தடவை படி ஏறணுமா? இறங்காமலா?” என்று ஒரு பையன் வாயைப் பிளந்தான். அந்த வாய் பிளப்புத்தான் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

இங்கே இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. முதலாவது, மலையின் உயரத்தை அடிவாரத்திலிருந்து அளப்பதில்லை, கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். பழநிப் படியை அடிவாரத்திலிருந்து எண்ணினோம். சிகரங்களைக் கடலிலிருந்து எண்ணுகிறோம். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்கு இது கடினம். “ஆற்றுத் தண்ணீர் எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற தரை” என்று சொன்னபோது ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, உயரமாகத் தெரிவது வேறு, உயரமாக இருப்பது வேறு. பெருமாள் மலை தனித்து நிற்பதால் நம் மலைகளில் அதுதான் உயரம் என்று ஊரில் பெரியவர்களே நம்புகிறார்கள். உண்மையில் பழநி மலைத்தொடரின் உச்சிகள் தென்மேற்கே, பேரிஜம் பக்கத்தில் இருக்கின்றன. அங்கேயுள்ள வந்தரவு 2,500 மீட்டருக்கும் மேல். மற்ற மேடுகளுக்கு நடுவில் இருப்பதால் அது எடுப்பாகத் தெரிவதில்லை.

இதே மயக்கம் படித்தவர்களிடமும் உண்டு. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் எது என்று நம் விடுதியில் கேட்டுப் பார்த்தேன். பாதிப்பேர் தொட்டபெட்டா என்றார்கள். அது தமிழ்நாட்டில் உயர்ந்தது. தென்னிந்தியாவில் உயர்ந்தது கேரளத்தின் ஆனைமுடி. மூணாறு பக்கத்து மீசைப்புலிமலைகூட 2,640 மீட்டர். தொட்டபெட்டாவை மயிரிழையில் முந்திவிடுகிறது. ஆனைமலையும் பழநி மலையும் ஏலமலையும் வந்து கூடும் முடிச்சுத்தான் ஆனைமுடி. ஆக, அது எங்களுக்கு அயலூர்க்காரன் அல்லன், பங்காளி.

“இந்தியாவில் உயர்ந்தது எது?” என்ற கேள்விக்கும் இரண்டு விடை உண்டு. இந்திய வரைபடப்படி கே-2 என்னும் காட்வின் ஆஸ்டின், 8,611 மீட்டர். ஆனால் அப்பகுதி பாகிஸ்தானின் பிடியில் உள்ளது. நம் ஆட்சியில் உள்ள பகுதியில் உயர்ந்தது காஞ்சன்ஜங்கா. அதுவும் சிக்கிம்–நேபாள எல்லையில் நிற்கிறது. முழுக்க முழுக்க நம் நாட்டுக்குள்ளேயே நிற்கும் சிகரங்களில் உயர்ந்தது உத்தராகண்டின் நந்தாதேவி. எவரெஸ்ட் நேபாளத்துக்கும் திபெத்துக்கும் இடையில் இருக்கிறது. அது இந்தியாவில் இல்லை என்று சொன்னபோது பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. ஆரவல்லியின் குருசிகரம் (1,722 மீட்டர்) போன்ற பிறவற்றைப் பெயர் சொல்லிவிட்டுக் கடந்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊற்றினால் குடம் வழியத்தானே செய்யும்!

மறுநாள் வந்த கேள்வி இயற்பியல் மாணவனாகிய எனக்கு இனித்தது. “மேலே போகப் போகச் சூரியன் பக்கத்தில் வருமே, சூடுதானே ஏறணும்? ஏன் குளிருது?” சூரியன் பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதில் எட்டு கிலோமீட்டர் நெருங்குவது, சென்னைக்குப் புறப்பட்டவன் வீட்டுத் திண்ணையில் ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்ந்ததற்குச் சமம். காற்று சூரியனால் நேரே சூடாவது கொஞ்சமே. சூடான தரையைத் தொட்டுத்தான் பெரும்பாலும் சூடாகிறது. அப்படிச் சூடான காற்று மேலே எழும்பும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, சீறி வரும் காற்றில் விரலை வைக்கச் சொன்னேன். “ஜில்லுன்னு இருக்கு” என்றார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரி ஆறரை டிகிரி சென்டிகிரேடு குறையும். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் பன்னிரண்டு டிகிரி அளவில் வித்தியாசம் வருவது இதனால்தான்.

இந்தப் பாடத்தை எங்கள் மலைப் பேருந்து தினமும் நடத்துகிறது. வத்தலக்குண்டில் மாவும் புளியும். ஏற ஏறக் காப்பியும் மலைவாழையும் பலாவும். கொடைக்கானலை நெருங்கினால் பேரிக்காயும் பிளம்சும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் மரங்களே உயரத்தைச் சொல்லிவிடும். இமயத்திலும் இதே கதைதான்: அடிவாரத்தில் சால் மரம், அதற்கு மேல் தேவதாரு, அதற்கும் மேல் ரோடோடெண்ட்ரான், பிறகு புல், கடைசியில் பனி. அந்த ரோடோடெண்ட்ரானின் உறவினம் ஒன்று நம் பழநி மலைச் சோலை ஓரங்களிலும் சிவப்பாய்ப் பூக்கிறது. இடையிலுள்ள சமவெளிகளில் எங்கும் அது இல்லை. நம் வரையாட்டுக்கும் இமயத்தில் ஓர் உறவுக்கார ஆடு உண்டு.

வயதில் மட்டும் நாம்தான் மூத்தவர்கள். நம் மலைப்பாறைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியது சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். இரண்டுக்கும் நடுவில் கிடந்த கடலின் அடித்தரையே மடிந்து மேலே போயிற்று. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமம் கடல் உயிரியின் புதைபடிவம் என்றதும், பூசை அறையில் அதை வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவன் மறுநாள் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தான்.

இனி அளந்த கதைக்கு வருகிறேன். “ஏறாமலே எப்படி அளந்தாங்க?” என்று அதே பெண் கேட்டாள். சொல்வதைவிடச் செய்து காட்டலாம் என்று துணிந்தேன். கோணமானியின் நடுவில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, விளிம்பில் பப்பாளிக் குழல் ஒன்றை ஒட்டினோம். பள்ளித் திடலில் நின்று, எதிரே உள்ள மேட்டின் உச்சியைக் குழல் வழியாகப் பார்த்தோம். முதலில் 30 டிகிரி. அதே நேர்கோட்டில் 60 மீட்டர் பின்னால் போய்ப் பார்த்தால் 25 டிகிரி. முக்கோணவியல் தெரியாத பிள்ளைகளுக்கு, பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்து காட்டினேன். இரண்டு கோடுகளும் சந்தித்த இடம் பதினாலரை சென்டிமீட்டர் உயரம். ஆக மேடு 145 மீட்டர். “ஒரு பழநி!” என்று கூவினார்கள்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெண் மட்டும் கூவவில்லை. கல் காற்றில் ஆடியதைப் பார்த்திருக்கிறாள். “25 இல்லாம 24-ஆ இருந்தா?” என்றாள். வரைந்தோம், 117 மீட்டர் வந்தது. 26 என்றால் 189. ஒரே ஒரு டிகிரித் தவறு, மலையை ஏறத்தாழக் கால்பங்கு அளவுக்கு ஏற்றவோ இறக்கவோ செய்துவிடுகிறது! அந்த மாலை நான் கற்றதை எந்தச் செய்முறை வகுப்பிலும் கற்றதில்லை என்று பேராசிரியர்கள் மன்னிப்பார்களாயின் சொல்வேன்.

இந்தத் தவறுக்கு அஞ்சித்தான் 1802இல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அங்குலம் அங்குலமாக அளந்தார். இந்தியாவை அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி நம் தமிழ் மண்ணில்தான் தொடங்கியது. அவருடைய தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைப் பழுது பார்த்தார். 1821இல் லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி வழியாக ஏறி நம் பழநி மலையை அளந்தார். முக்கோணங்கள் இப்படியே வடக்கே வளர்ந்து இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டன. 160 கிலோமீட்டருக்கும் அப்பால் சமவெளியிலிருந்து நோக்கிய கோணங்களைக் கொண்டு, 1852இல் வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தர், ‘பதினைந்தாம் சிகரம்’ என்று குறிக்கப்பட்டிருந்ததே உலகில் உயர்ந்தது என்று கண்டார். வெளியிட்ட உயரம் 29,002 அடி; அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020இல் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் துணையுடன் அளந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். வேறுபாடு ஒன்பது மீட்டர்! கால் கிலோமீட்டர் தூரத்து மேட்டுக்கே முப்பது நாற்பது மீட்டர் தவறு செய்த எங்களுக்கு அந்த ஒன்பதின் அருமை விளங்கியது. சிகரத்துக்கோ சிக்தர் பெயர் வைக்கப்படவில்லை. முன்னாள் அளவைத் தலைவர் எவரெஸ்டின் பெயர் வைக்கப்பட்டது.

ஏறியவர்களைப் பற்றியும் சொன்னேன். 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும், 1984இல் பச்சேந்திரி பால், 2023இல் தமிழ்நாட்டிலிருந்து முத்தமிழ்ச்செல்வி. 1955இல் காஞ்சன்ஜங்காவில் முதலில் ஏறியவர்கள், சிக்கிம் மக்கள் அதைத் தெய்வமாகக் கருதுவதால் உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள் என்றபோது, திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, “அது மரியாதை” என்றார்.

அந்தத் திண்ணையில்தான் அந்தப் பெண்ணின் தகப்பனாரும் உட்கார்ந்திருந்தார். எனக்கு மாமா முறை. ஒன்பதாம் வகுப்புக்கு நகரத்துக்கு அனுப்புவதா, பூண்டு உரிக்க வீட்டோடு வைத்துக்கொள்வதா என்று அவருக்கு யோசனை. “ஏன் மாப்பிள்ளை, கோணம் பார்த்தா பூண்டு விலை ஏறுமா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்காமல் காலண்டர்த் தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தாள். “நம்ம மேல்வயல் எவ்வளவு உசரம்னு சொல்லட்டுமாப்பா? தண்ணி எங்கேயிருந்து கொண்டு வந்தா மோட்டார் இல்லாம பாயும்னும் இதுல தெரியும்” என்றாள். நான் அந்தப் பயனைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மாமா தாளை நெடுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், யாரும் திருத்தவில்லை.

விடுமுறை முடிந்து நான் புறப்படும் வரை அவர் முடிவு சொல்லவில்லை. பள்ளி திறந்து இரண்டாவது வாரம் என் அப்பா பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு எழுதிய கடிதத்தில், கடைசி வரியாக, “உன் மாமன் மகளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறான்” என்று இருந்தது.

அந்த மேட்டின் உயரம் இன்னும் தீரவில்லை. நமது ஆய்வகத்து அலமாரியில் ஒரு செக்ஸ்டண்ட் இருக்கிறது. கோணத்தை டிகிரியின் சிறு பின்னம் வரை காட்டும். பொங்கல் விடுமுறைக்கு அதை நான்கு நாள் வில்பட்டிக்கு இரவல் தந்துதவுமாறு, துறைத் தலைவர் ஐயா அவர்களை இக்கட்டுரை வாயிலாகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேருந்தில் மடியில் வைத்தே கொண்டுபோவேன்.