கெடு நாளும் கடன் அட்டையும்

நாற்றுவிடுவதற்கும் நடுவதற்கும் உரமிடுவதற்கும் நாள் தவறாத நம் விவசாயிகள், கடனைத் திருப்பும் நாளை மட்டும் ஏனோ நெகிழ்வாகவே கருதி வருகின்றனர். "பத்து நாள் முன்பின் ஆனால் என்ன?" என்பது கிராமங்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. தனியார் லேவாதேவியில் அப்பேச்சு ஒருவாறு பொருந்தும். பத்து நாள் தாமதித்தால் பத்து நாள் வட்டி கூடும். பயிர்க்கடனில் நடப்பது வேறு. கெடு நாளுக்கு மறுநாள் கட்டுபவர், அந்த ஒரு நாளுக்கு மட்டுமன்றி, கடந்துபோன ஓராண்டுக்கும் சேர்த்தே வட்டி கொடுக்க நேர்கிறது.

இது எவ்வாறு என்பதை விளக்குவோம். உழவர் கடன் அட்டைத் திட்டம் 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2006-07 முதல் மத்திய அரசு வட்டி மானியம் அளிப்பதால், 3 லட்ச ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி நூற்றுக்கு ஏழு என்ற அளவில் நிற்கிறது. தவணை தவறாது திருப்புவோருக்கு அதிலும் மூன்று வீதம் குறைத்து, நான்கு வீதமே வசூலிக்கப்படுகிறது. நம் மாநிலத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலோ, 2009 முதல், கெடுவுக்குள் அசலைச் செலுத்துவோருக்கு வட்டியே இல்லை. அதனை அரசே ஏற்றுக்கொள்கிறது. இச்சலுகைகள் யாவும் கெடு நாள் என்னும் ஒரே ஆணியில் தொங்குகின்றன.

ஒரு லட்சம் ரூபாய்க் கடனை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் ஓராண்டுக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி ஏதுமில்லை. பத்து நாள் கழித்துக் கட்டினால் ஏழு வீதப்படி 7,000 ரூபாய். கெடு கடந்த நாட்களுக்கான வட்டியும் அபராதமும் அதற்கு மேல். ஆக, அந்தப் பத்து நாட்களின் விலை நாளொன்றுக்கு 700 ரூபாய்க்குக் குறையாது. வணிக பாங்குகளில் வாங்கியவருக்கு இழப்பு 3,000 ரூபாய். ஒரு மூட்டை உரத்துக்கு விலை பேசிப் பத்து ரூபாய் குறைக்கப் பாடுபடும் நாம், இதனைக் கவனியாது விடுதல் வியப்பே.

கெடு தவறுவதற்குச் சோம்பல் காரணமென்று கூறுவது பெரும்பாலும் அநியாயம். பெரியாறு–வைகைப் பாசனத்தையே பார்ப்போம். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கமும், திருமங்கலம் கால்வாய்ப் பக்கமும் ஒருபோகம். 1895-இல் முடிந்த பெரியாறு அணையிலும், 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையிலும் போதிய இருப்பு இருந்தாலன்றித் தண்ணீர் உரிய நாளில் வாய்க்காலுக்கு வாராது. திறப்பு தள்ளினால் நடவு தள்ளும். நடவு தள்ளினால் அறுவடையும், நேரடிக் கொள்முதல் நிலையத்திலிருந்து பணம் கணக்கில் ஏறும் நாளும் தள்ளும். கடன் பத்திரத்திலுள்ள தேதியோ அசையாது. கரும்பு பயிரிட்டோர் ஆலைப் பணத்துக்கு எத்துணைக் காலம் காத்திருந்தனர் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே கெடுவைக் காக்கும் வேலை, கடன் வாங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். அறுவடையையும் விற்பனையையும் அனுசரித்தே கெடு வைக்கப்படுகிறது. "என் பயிர் எப்போது பணமாகும்?" என்று கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு மாதமேனும் இடம் இருக்குமாறு கேட்டுப் பெறுதல் நலம். கெடு நாளைச் செயலாளர் வாய்மொழியாகக் கூறுவது போதாது. கடன் புத்தகத்தில் எழுதி வாங்கி, வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வைக்க வேண்டும். காசோலையாகக் கொடுப்போர், அது பணமாகி வரவு வைக்கப்படும் நாளையே கருத வேண்டும். விடுமுறைகளையும் எண்ணிப் பார்த்து, ஒரு வாரம் முந்திச் செலுத்தி ரசீது பெறுவதே பத்திரம்.

கையில் பணமில்லாத நிலையில் கெடு நெருங்கினால் என் செய்வது? இங்கேதான் பலர் கந்துவட்டிக்காரரை நாடுகின்றனர். பத்து நாள் கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டி, புதுக்கடன் பெற்று அவருக்குத் திருப்புவது வழக்கமாகிவிட்டது. நூற்றுக்கு மாதம் பத்து வட்டியானாலும் பத்து நாளுக்கு ஏறத்தாழ 3,300 ரூபாய்தானே, 7,000 மிச்சமன்றோ என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை, பிழை நாளில் இருக்கிறது. புதுக்கடன் இரண்டு மாதம் தாமதமானால் அவ்வட்டி 20,000 ரூபாயாகும். இத்தகைய வட்டியைத் தடுக்கவே 2003-இல் தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் இயற்றப்பெற்றது. வீட்டில் நகை இருப்பின், கூட்டுறவுச் சங்கத்திலேயே ஈடு வைத்துக் கெடுவைக் காப்பது மேல். ஆண்டுக்குப் பன்னிரண்டு வீதம் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நாளுக்கு 330 ரூபாய்க்குள் முடியும். இரண்டு மாதம் நீடித்தாலும் 2,000 ரூபாயைத் தாண்டாது.

மற்றொரு காரணமும் உண்டு. அதனைப் பேசத் தயங்குவதில் பயனில்லை. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. 2021-இல் மட்டும் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கடன் நீங்கிற்று. அப்போது முந்திக் கட்டியவர்கள் மனம் புழுங்கியது உண்மை. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2006-க்கும் 2016-க்கும் இடையே பத்தாண்டுகள் கழிந்தன. அந்த நம்பிக்கையில் கெடுவை விட்டவர் ஆண்டுதோறும் வட்டியும் இழந்து, புதுக்கடனும் கிடைக்காது நின்றார். வதந்தியைக் கேட்டு 7,000 ரூபாயைப் பணயம் வைப்பது விவேகமாகத் தோன்றவில்லை.

வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழிந்து, அரசு அப்பகுதியைப் பாதிக்கப்பட்டதாக அறிவித்தால், கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணை நீட்டிக்க வழியிருக்கிறது. கெடு கடக்கும் வரை காத்திராது, முன்னதாகவே எழுத்து மூலம் விண்ணப்பித்து நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதுரை நகரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் கடைவீதிக் கடன் அட்டையைப் பற்றியும் ஒரு சொல். கெடு கடந்து மூன்று நாளுக்கு மேலானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம் என்பது ரிசர்வ் பாங்கின் 2022-ஆம் ஆண்டு விதி. ஆயினும் பில்லிலுள்ள "குறைந்தபட்சத் தொகை" என்னும் வரி ஏமாற்றும். அதனைக் கட்டினால் தாமதக் கட்டணம் வாராது, வட்டி நிற்காது. முழுத்தொகை கட்டாவிடில், பெரும்பாலான அட்டைகளில், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதத்துக்கு மூன்று வீதத்துக்கு மேல் வாங்கும் அட்டைகள் பல. கெடு நாளில் கணக்கிலிருந்து முழுத்தொகையும் தானே கழியுமாறு பாங்கில் எழுதிக் கொடுத்துவிடுவது எளிது. கணக்கில் அன்று பணம் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஊராட்சியில் பணியாற்றுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. சங்கச் செயலாளரைக் கிராம சபைக்கு அழைத்து, எந்த மாதம் வாங்கிய கடனுக்கு எந்த நாள் கெடு என்பதைப் படிக்கச் செய்யலாம். ஊராட்சி அலுவலகப் பலகையில் அத்தேதிகளை ஒரு மாதம் முன்னதாகவே எழுதி வைக்கலாம். தேதிகள் மட்டும் போதும். கடன்பட்டவர் பெயரை எழுதலாகாது.