ஜி ஷார்ப் எதற்கு?

கீபோர்டு கற்க வருபவர்கள் ஏ மைனரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எல்லாம் வெள்ளைக் கட்டைதானே. ஹார்மோனிக் மைனருக்குப் போனதும் கேள்வி வரும்: "சார், கடைசியில மட்டும் எதுக்கு இந்தக் கறுப்புக் கட்டை?"

இதற்கு ஸ்கேலை வாசித்துக் காட்டிப் பதில் சொல்வதை நான் விட்டுவிட்டேன். கார்டுதான் பதில். ஏ மைனர், ஈ மைனர், திரும்ப ஏ மைனர் என்று வாசிக்கச் சொல்வேன். சப்பென்று இருக்கும். அடுத்து, நடுவில் ஈ மேஜர் போடச் சொல்வேன். ஜி-யை ஒரு செமிடோன் ஏற்றினால்தான் ஈ மேஜர் கிடைக்கும். அந்த ஜி ஷார்ப்புக்கு அடுத்த கட்டையே ஏ. அதில் போய் உட்காரும்வரை காது விடாது. ஏழாவது சுரத்தை ஏற்றியது இந்த இழுப்புக்காகத்தான்.

நோட்டேஷன் வாசிக்கத் தெரிந்தவர்கள், பீத்தோவன் 1810-இல் எழுதிய 'ஃபியூர் எலீஸ்' தொடக்கத்தைப் பாருங்கள். இடது கை ஏ மைனரைப் பிரித்து வாசித்த மறு பாரிலேயே ஈ, ஈ, ஜி ஷார்ப் என ஏறும். பின்னாலேயே வலது கை ஈ, ஜி ஷார்ப், பி. (முதலில் வரும் டி ஷார்ப் இந்தக் கணக்கில் சேராது, அது ஈ-க்கு அலங்காரம்.) கீ சிக்னேச்சரில் ஜி ஷார்ப் இருக்காது. வரும் இடத்தில்தான் போட்டிருப்பார்கள். அதனால் கண் அசந்தால் விட்டுப்போகும்.

கர்நாடக இசை தெரிந்தவர்கள் "கீரவாணிதானே!" என்பார்கள். சுரங்கள் அதேதான், 21-வது மேளம். நடபைரவியின் கைசிகி நிஷாதம் காகலியானால் கீரவாணி. ஆனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவே உள்ள மூன்று செமிடோன் இடைவெளி கீரவாணிக்கு அழகு. மேற்கத்திய செவ்வியல் இசையில் மெட்டு எழுதியவர்கள் பெரும்பாலும் அதைத் தவிர்த்தார்கள். மேலே போகும்போது ஆறாவதையும் ஏற்றிவிடுவார்கள். நம் கணக்கில் அது கௌரிமனோகரி. இறங்கும்போது பழைய நடபைரவி. இதைத்தான் மெலோடிக் மைனர் என்கிறார்கள். ஆகவே ஹார்மோனிக் மைனரை ராகமாக நினைப்பதைவிட, கார்டுகள் பிறக்கும் இடமாக நினைப்பதே நல்லது என்பது என் கட்சி.

விரலுக்கு ஒரு குறிப்பு: வலது கையில் 1-2-3, 1-2-3-4-5. எஃப் மூன்றாம் விரல், ஜி ஷார்ப் நான்காம் விரல். அந்த அகலத்துக்கு விரல் பழகும்வரை வேகம் வேண்டாம்.

இன்னொன்று, ஏற்றுவது என்றாலே ஷார்ப் என்று எண்ணிவிடாதீர்கள். சி மைனரில் பி ஃபிளாட் ஏறினால் வெறும் பி, வெள்ளைக் கட்டை.