ஆங்கிலத்தில் ‘ரூபீ’ என்னும் சொல்

ஆங்கில விடைத்தாள்களைத் திருத்துவோர் கண்ணில் ஆண்டுதோறும் படும் பிழைகளுள் ஒன்று மிகச் சிறியது. ஆனால் எளிதில் நீங்குவதன்று. ஷேக்ஸ்பியரைப் பற்றி நான்கு பக்கம் நன்றாக எழுதிவிடும் மாணவர், கடைக்குச் சென்று பத்து ரூபாய்க்குப் பொருள் வாங்கிய செய்தியை எழுதப் புகுந்தால் இடறி விழுகின்றார். ‘டென் ரூபீ’ கொடுத்தேன் என்பார். ‘எ டென் ரூபீஸ் நோட்’ என்பார். ‘டென் ரூபீஸ் ஆர் இனஃப்’ என்று முடிப்பார். மூன்றும் வழுவே. மூன்றிற்கும் வெவ்வேறு விதி கூறி மாணவரை அச்சுறுத்துவதினும், நம் தாய்மொழியோடு ஒட்டியும் உறழ்ந்தும் பார்ப்பின் காரணம் இனிது விளங்கும்.

மாடு, மரம், காசு முதலியவற்றை நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என்னும் இரண்டிடத்தும் பெயர் மாறவில்லை. ஒருமை பன்மையை வினையே காட்டிற்று. எண்ணுப்பெயர் முன்னே நிற்குமாயின் ‘கள்’ விகுதிக்குத் தேவையே இல்லை. ஆதலின் ‘பத்து ரூபாய்’ என்கின்றோம்; ‘பத்து ரூபாய்கள்’ என்பார் நம்முள் அரியர். ஆங்கிலமோ அவ்வாறு விடுவதன்று. ஒன்றுக்கு மேற்பட்டவுடன் பெயர் பன்மையுருவை ஏற்றேயாக வேண்டும். ஒன்றரை ரூபாயும் அங்கே பன்மைதான்: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் ரூபீஸ்.’

இதற்குச் சான்று தேடி நூல்நிலையம் செல்ல வேண்டுவதில்லை. நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து இருபுறமும் பார்க்க. பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். கீழிருந்து மூன்றாவது வரி தமிழ்: ‘நூறு ரூபாய்’. முன்புறத்து ஆங்கிலத்திலோ ‘ஒன் ஹண்ட்ரட் ரூபீஸ்’. ஒரே தாளில் இரு மொழிகளும் தத்தம் இலக்கணப்படியே நிற்கின்றன. ‘டென் ரூபீ’ என்றெழுதும் மாணவர் தமிழ் வரியை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டார், அவ்வளவே.

இனி வினையைப் பார்ப்போம். இங்கேதான் ஒரு விந்தை உண்டு. ‘பையில் பத்து ரூபாய் இருக்கிறது’ என்று சொல்கின்றோமேயன்றி ‘இருக்கின்றன’ என்று ஒருவரும் சொல்வதில்லை. எண் பத்தாயினும் தொகை ஒன்று என்பதை நம் செவி தானே அறிந்திருக்கின்றது. ஆங்கிலேயரும் அவ்வாறே கருதி, ‘டென் ரூபீஸ் இஸ் இனஃப்’ என்று ஒருமை வினை கொடுப்பர். ரிஸர்வ் பாங்கின் கவர்னர் நோட்டில் வாக்களிப்பதும் ‘நூறு ரூபாய் என்னும் தொகை’ என்ற பொருள்படும் சொற்களாலேயே. நம் மாணவரோ, பள்ளியில் மனப்பாடம் செய்த ‘பன்மைப் பெயர்க்குப் பன்மை வினை’ என்னும் விதியை நினைவுகூர்ந்து ‘ஆர்’ என்று திருத்திக்கொள்கின்றார். தாய்மொழியைப் பின்பற்றலாகாத இடத்தில் பின்பற்றுகின்றார். பின்பற்ற வேண்டிய இடத்தில் கைவிடுகின்றார். இதனை நாம் மாணவர் பிழை என்று மட்டும் சொல்லோம். இரு மொழிகளையும் ஒருங்கு வைத்துக் கற்பியாத ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு.

தொகையாக எண்ணாது தனித்தனி நாணயமாகக் கருதும்போது வினை பன்மையாகும். மேசைமேல் ஐந்து நாணயங்கள் சிதறிக் கிடந்தால், ‘தி ஃபைவ் காயின்ஸ் வேர் ஸ்காட்டர்ட்’ என்பதே முறை. தமிழிலும் அப்போது ‘கிடந்தன’ என்றுதானே எழுதுவோம்?

மூன்றாவது வழு அடைமொழியைப் பற்றியது. ‘ரூபீ’ என்பது வேறொரு பெயர்க்கு அடையாகி முன்னே நிற்கும்போது பன்மை உருவை இழந்துவிடும்: ‘எ டென்-ரூபீ நோட்’. ஐந்து நாள் விடுமுறையையும் ‘எ ஃபைவ்-டே ஹாலிடே’ என்றல்லவோ சொல்கிறோம்? எண்ணையும் பெயரையும் இணைக்கும் அச்சிறு கோட்டை அலங்காரம் என்றெண்ணி விட்டுவிடுவோர் பலர். அதன் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவோம்.

விடுதி உணவுச்சாலைக் கணக்கெழுதும் மாணவர், பணம் கொண்டுசெல்வோரிடம் ‘ட்வென்டி ஃபைவ்-ரூபீ காயின்ஸ்’ அனுப்பியதாகக் குறித்தார் என்று வைத்துக்கொள்வோம். கோடு ‘ஃபைவ்’ என்பதற்கும் ‘ரூபீ’ என்பதற்கும் இடையே நிற்குமாயின் அவை இருபது ஐந்து ரூபாய் நாணயங்கள். தொகை 100 ரூபாய். அக்கோடு சற்றே இடப்புறம் நகர்ந்து ‘ட்வென்டி-ஃபைவ் ரூபீ காயின்ஸ்’ என்றாகிவிட்டால் இருபத்தைந்து ஒரு ரூபாய் நாணயங்கள். தொகை 25 ரூபாய். எடையிட வேறு வழி இல்லையேல், எடுத்துச் சென்றவர் 75 ரூபாய்க்கு விடை சொல்ல நேரும். குற்றமற்ற ஒருவர்மேல் ஐயம் விழுவதற்கு மயிரிழையளவு மையே போதுமானது. இத்தகைய இடங்களில் இலக்கத்தையும் சேர்த்தெழுதுவது நன்று.

பைசாவைப் பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணயமுறை வருமுன் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்துநான்கு பைசா. அதன்பின் நூறு ‘நயா பைசா’. 1964இல் ‘நயா’ நீங்கிற்று. ஆங்கிலத்தில் ஒன்றாயின் ‘பைஸா’, பலவாயின் ‘பைஸே’. வடநாட்டுப் பன்மை உருவே அங்கும் புகுந்துவிட்டது. அதன்மேல் மீண்டும் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து ‘பைஸேஸ்’ என்றல் கூடாது. ‘ஒன் பைஸே’ என்றலும் கூடாது.

இவ்வகையில் நாம் மட்டும் தவறுவதாக வருந்த வேண்டாம். இங்கிலாந்திலும் ‘பென்னி’ என்னும் நாணயப் பெயர்க்கு இரண்டு பன்மைகள் உண்டு: நாணயங்களைக் குறித்தால் ‘பென்னீஸ்’, தொகையைக் குறித்தால் ‘பென்ஸ்’. அங்கே ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் என்றிருந்தது 1971ஆம் ஆண்டு பெப்ருவரி 15ஆம் நாள் முதல் 100 ஆயிற்று. அதன்பின் ‘ஒன் பென்ஸ்’ என்னும் வழூஉச்சொல் ஆங்கிலேயர் வாயிலேயே வழங்கலாயிற்று. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த காசை 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ‘டூ பென்ஸ்’ என்றது. நம் தமிழ் வேதாகமம் ‘இரண்டு பணம்’ என்றே அமைந்தது.

மாணவர் பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்க: காணிக்கைப் பையில் ஐந்து பத்து ரூபாய் நோட்டுகள் இருந்தன. ஐம்பது ரூபாய் போதவில்லை. என்னிடம் ஒரு பைசாவும் இல்லை.