வாக்குரிமை டிரஸ்டும் டைரக்டர் பதவியும்

கம்பெனிப் பங்கு ஒன்றில் இரு உரிமைகள் பிணைந்திருக்கின்றன. லாப ஈவு பெறுவது ஒன்று. டைரக்டர்களைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாடே அமெரிக்காவில் வழங்கும் வாக்குரிமை டிரஸ்ட் ஆகும். பங்குதாரர் தம் பங்குகளைப் பத்திரத்தின் மூலம் டிரஸ்டிகள் பெயருக்கு மாற்றிவிட்டு, பதிலுக்கு ஒரு சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறார். லாப ஈவு சான்றிதழ்க்காரருக்குச் சேரும், வாக்கோ டிரஸ்டிகளுடையது.

நம் அங்கத்தினர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். கூட்டுறவு முறையில் ஒரு பங்கு எடுத்தவருக்கும் பத்துப் பங்கு எடுத்தவருக்கும் ஒரே வாக்குத்தான். கம்பெனியில் பொதுவாகப் பங்குக்கு ஒரு வாக்கு. ஆகவே, பெரும்பகுதிப் பங்குகள் எவர் கையில் சேர்கின்றனவோ, டைரக்டர் சபையும் அவர் வசமாகும்.

இதன் விளைவை டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியின் வரலாற்றில் காண்போம். ஹோவர்ட் ஹியூஸ் என்ற செல்வர் தமது ஹியூஸ் டூல் கம்பெனியின் வாயிலாக அதில் சுமார் 78 சதவீதப் பங்குகளை வைத்திருந்தார். ஜெட் விமானங்கள் வாங்க 1960-ஆம் ஆண்டில் பெருங்கடன் தேவைப்பட்டது. பாங்குகளும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் 16 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தன. ஆனால் ஹியூஸின் பங்குகள் வாக்குரிமை டிரஸ்டில் வைக்கப்பட வேண்டுமென்று நிபந்தனை விதித்தன. அவ்வாண்டு டிசம்பர் 31-இல் அவ்வாறே நிறைவேறியது. டிரஸ்டிகள் மூவரில் இருவர் கடன் கொடுத்தோர் தரப்பினர். ஹியூஸ் தரப்புக்கு ஒருவரே. இருவர் ஒன்றுபட்டால் மூன்றாமவரின் மறுப்புக்குப் பலனில்லை.

கடன் கொடுத்தோர் செய்தது அநியாயமென்று நாம் கூறமாட்டோம். தனியொருவர் விருப்பப்படி நடக்கும் கம்பெனிக்கு அவ்வளவு பணத்தை எவரும் யோசியாமல் கொடுக்கமாட்டார். எனினும், அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1961-இல் சார்லஸ் டில்லிங்ஹாஸ்ட் புதிய தலைவரானார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே கம்பெனி ஹியூஸ் மீது வழக்குத் தொடுத்தது! முக்கால் பங்குக்கு மேல் உரிமையுடையவர் மீது அவருடைய கம்பெனியே வழக்காடுவது எங்ஙனம் என்று கேட்கலாம். டைரக்டர்களை நியமிக்கும் வாக்கு அவரிடம் இல்லை, அவ்வளவே.

இன்னொரு சிக்கலும் உண்டு. டைரக்டராக வருபவர் பங்குதாரராக இருக்க வேண்டுமென்று விதி வைத்துள்ள கம்பெனிகள் பல. பங்குகளை டிரஸ்டிகள் பெயருக்கு மாற்றியவரின் பெயர் பதிவேட்டில் பங்குதாரராக இராது. அவருக்கு அத்தகுதி உண்டா என்ற கேள்வி எழுந்துவிடும். பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதையும், டிரஸ்ட் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் பார்ப்பது அவசியம். அக்காலத்து டெலவேர் மாகாணச் சட்டம் பத்தாண்டு வரம்பு வைத்திருந்தது. 1994-இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது.

ஹியூஸ் பத்தாண்டு காத்திருக்கவில்லை. 1966-இல் சுமார் 65 லட்சம் பங்குகளையும் பங்கு ஒன்று 86 டாலர் வீதம் விற்று, 54 கோடி டாலருக்கு மேல் பெற்றார். வழக்கு மட்டும் நீடித்தது. 1973-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அவர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.